காவற்பணியும் இளைஞர் கல்வியும்

காவல் என்பது நம் முன்னோர்க்குப் புதிய தொழிலன்று. அத்தொழிலைக் கல்வியாகக் கொண்டு இளைஞர்க்குப் பயிற்றுவது மட்டுமே புதிதென்றும், அது வெள்ளையர் ஆட்சியில் வந்ததென்றும் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழுதுஞ் சரியன்று, முழுதுந் தவறுமன்று. இதற்கு மதுரை மாநகரே சான்று பகரும்.

சங்க நூலாகிய மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் அந்நகரின் நள்ளிரவைச் சித்திரிக்கின்றார். கரிய உடையினராய், சுவரேறும் நூலேணியும் வாளுங் கொண்டு கள்வர் இருளில் திரிகின்றனர். அவரைத் தேடி, யானையைத் தேடும் புலிபோல, ஊர்காப்பாளர் உலவுகின்றனர். மழை பொழிந்து தெருவெல்லாம் வெள்ளம் ஓடும் பாதியிரவிலும் அவர் சோம்பியிருப்பதில்லை. இவ்வளவும் வீரத்தின் பாற்பட்டது. புலவர் அவ்வளவோடு நில்லாமல், அக்காப்பாளரைத் தம் தொழிலுக்குரிய நூல்களை நுணுகிக் கற்றுத் தேர்ந்தவரென்றும், அந்நூல் வழியினின்றும் பிழையாதவரென்றுங் குறிக்கின்றார். கள்வர் செய்யும் வஞ்சமெல்லாம் கற்றறிந்த பின்னரே ஒருவன் காவலுக்குத் தகுதியுடையனாவான் என்ற கொள்கை அக்காலத்து மதுரையில் இருந்ததென்பது இதனால் விளங்கும்.

அதே மதுரையில் நிகழ்ந்ததாக இளங்கோவடிகள் கூறும் மற்றொரு காட்சியையும் அன்பர்கள் நினைவு கூர வேண்டும். கோவலனைக் கொல்லுமாறு அரசனேவலால் வந்த காவலர், அவனைக் கண்டவுடனே இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என ஐயுற்றனர். அவ்வையம் பணியறிந்தார்க்கு உரிய நல்லையம். பொற்கொல்லனோ கள்வர் கைக்கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் விரித்துரைத்து அவர் மனத்தைக் கலைத்தான். இளைஞனாகிய காவலன் ஒருவன், மாரியிருளில் தன் கையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வனொருவனைப் பற்றிக் கூறி, என் செய்வதென்று மற்றவரை வினவினான். அவர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே, அவர்களுட் கல்வியில்லாத குடிவெறியன் ஒருவன் வாளை வீசிவிட்டான். களவு நூலைக் கற்றிருந்தவன் குற்றவாளியாகிய பொற்கொல்லன். காவலர்க்கு அது தெரியாது. கற்காத ஒருவன் கையில் அரசின் வாள் இருந்தது. ஒரு நகரம் எரிந்தமைக்கு நம் காப்பியம் காட்டும் காரணங்களுள் இதுவும் ஒன்றென்பதைப் பேசுவோர் அரியர். பாண்டியன் செங்கோல் வளைந்ததைப் பேசுகின்றோம். கண்ணகியின் கற்பைப் பேசுகின்றோம். பயிற்சியற்ற அந்தக் காவலனை மறந்துவிடுகின்றோம்.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க நம் நாட்டார் செய்த முயற்சியும், அம்முயற்சி எங்கெங்கே தடைப்பட்டதென்பதுமே இக்கட்டுரையின் பொருளாம்.

இடைக்காலத்தில் காவல் பிறப்புரிமையாயிற்று. ஊருக்குத் தலையாரி, ஊர்த்தொகுதிக்குக் காவற்காரர், அவர்க்கு மேலே பாளையக்காரர். ஊர்க்காவலைத் தலக்காவலென்றும், பரந்த நாட்டுக்காவலைத் தேசகாவலென்றுந் திருநெல்வேலிச் சீமையில் வழங்கினர். களவு போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். இயலாவிடில் அதன் விலையைக் காவற்காரனே ஈடுசெய்ய வேண்டும். இதற்குக் கைம்மாறாக ஊரார் விளைவில் ஒரு பங்கும் பணமும் அளித்தனர். இம்முறையில் ஒரு சிறப்புண்டு: பொறுப்பு ஒருவன் தலைமீது தெளிவாக நின்றது. இன்று திருட்டுக் கொடுத்தவன் காவல் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து செருப்புத் தேய்வதை நினைப்பார்க்கு அப்பழைய ஈட்டு முறை பொற்காலமெனத் தோன்றவுங் கூடும். பயிற்சியும் இயல்பாகவே நடந்தது. தந்தையோடு இரவில் நடந்த மகன், அடிச்சுவடு பார்க்கவும், அயலூர் ஆடுமாட்டின் அடையாளமறியவும், சந்தைக்கு வரும் புதுமுகங்களை நினைவில் வைக்கவும் தானே கற்றுக்கொண்டான்.

எனினும் பிறப்பால் வரும் உரிமை கேள்வியற்ற உரிமையாக மாறுவது உலகியற்கை. காவற்பணம் கொடாத ஊரில் களவு மிகும். காப்போனே கள்வனை ஏவுகின்றான் என்ற குறை எழும். பாளையக்காரர் திறை வசூலுக்குப் பொறுப்பேற்ற கலெக்டர் லஷிங்டன் 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் தேசகாவலைப் பற்றி எழுதிய அறிக்கைகளில் இக்குறைகளே நிறைந்துள்ளன. அவர் எழுதியதெல்லாம் நடுநிலை என்று கொள்ளற்க. பாளையக்காரர் கையிலிருந்த வருவாயின்மீது கம்பெனியார்க்கு இருந்த கண்ணும் அதில் கலந்துள்ளது. எவ்வாறாயினும், பாளையப் போர்கள் 1801-இல் முடிந்தபின் அவ்வுரிமை பாளையக்காரரிடமிருந்து பறிக்கப்பட்டது. பறித்தவர் அதற்கு ஈடாக வைத்ததென்ன என்பதே அடுத்த கேள்வி.

வங்காளத்தில் கார்ன்வாலிஸ் ஏற்படுத்திய தாரோகா முறையை 1802-இல் சென்னை இராஜதானிக்குங் கொணர்ந்தனர். அது இம்மண்ணில் வேரூன்றவில்லை. பின்னர் மன்றோ முதலியோர் ஆராய்ச்சியின்மீது 1816-ஆம் ஆண்டு 11-ஆம் ரெகுலேஷன் பிறந்தது. அதன்படி கலெக்டரே மாஜிஸ்திரேட்டு. தாசில்தாரே போலீஸ் தலைவர். வரி தண்டும் சேவகனே கள்வனைப் பிடிக்குஞ் சேவகன். செலவு குறைந்தது, கம்பெனியார் மகிழ்ந்தனர். ஆனால் இவர்களுள் ஒருவர்க்கேனும் காவற்கல்வி ஊட்டப்படவில்லை. வரி கொடாதவனிடம் பணத்தை வரவழைக்கும் வழியே, குற்றத்தை ஒப்பாதவனிடம் வாக்குமூலத்தை வரவழைக்கும் வழியுமாயிற்று.

அவ்வழி எத்தகையதென்பது 1855-இல் உலகறிய வெளிப்பட்டது. முந்தின ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுந்த பேச்சின் விளைவாக, கவர்னர் ஹாரிஸ் பிரபு காலத்தில், எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் கமிஷன் சென்னையில் அமைந்தது. மிகக் குறுகிய காலத்துள் 519 பேர் நேரில் வந்தனர். 1,440 பேர் எழுத்து மூலம் முறையிட்டனர். ஆக 1,959 முறையீடுகள். இரயிலில்லாத காலத்தில், வழிச்செலவுக்கு எவரும் பணந் தாராத நிலையில், பல நாட்கள் நடந்து சென்னைக்கு வந்த குடியானவர் எத்துணை வருத்தமுற்றிருப்பர் என்பதை அவ்வெண்ணே சொல்லும். அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் நின்று நம்மை நாணச் செய்கின்றன. ஒன்று கிட்டி, இரு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெருக்குவது. மற்றொன்று அண்ணாந்தாள், கழுத்தையுங் கால்விரலையும் கயிற்றாற் பிணித்து, வளைந்தபடியே வெயிலில் நிறுத்துவது. இக்கருவிகளைக் கையாண்டவர் நம்மவரே என்பதில் ஐயமில்லை. ஆயினும், நம்மவராகிய கீழ்ச்சேவகரைக் கடிந்த கமிஷனர், தாங்கவொண்ணாத தீர்வையை விதித்து ஆண்டுதோறும் அதை முழுதுந் தண்டுமாறு நெருக்கிய மேலதிகாரிகளை மென்மையாகவே விட்டுவிட்டனர். அறிக்கையைப் படிப்போர் இதையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இதன் பயனாக இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. முதலாவது, 1859-ஆம் ஆண்டு 24-ஆம் ஆக்டு. வருவாய் இலாகாவினின்றும் போலீஸ் பிரிக்கப்பட்டு, மலையாள ஜில்லாவில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ராபின்ஸன் என்பவர் அதன் தலைவராயினர். அயர்லாந்தின் போலீஸ் அமைப்பும் சிந்துவில் நேப்பியர் கண்ட முறையும் இதற்கு முன்மாதிரிகள். இரண்டாண்டிற்குப் பின் இந்தியா முழுமைக்கும் வந்த 1861-ஆம் ஆண்டு 5-ஆம் ஆக்டு இச்சென்னை அனுபவத்தையும் நோக்கியே எழுந்தது.

இரண்டாவது காரியம் அத்துணை விளம்பரமில்லாதது. ஆனால் நம் பொருளுக்கு மிக வேண்டியது. அதே 1861-இல் வந்த 25-ஆம் ஆக்டாகிய கிரிமினல் நடைமுறைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் சொன்ன குற்றவொப்புதலை அவனுக்கெதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்கலாகாதென விதித்தது. கடைக்காரனிடம் சொன்னால் சான்று. அயல்வீட்டானிடம் சொன்னால் சான்று. சர்க்கார் சம்பளம் கொடுத்து, சீருடை தரித்து, மெய்யறிய வைத்திருக்கும் போலீஸ்காரனிடம் சொன்னால் சான்றாகாது. தன் ஊழியனைச் சட்டமே நம்பவில்லை. இவ்விதி 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக அமர்ந்தது. இத்தொழிலிற் புகும் ஒவ்வோர் இளைஞனும், தான் பிறக்குமுன்னரே தன் தொழிலின்மீது எழுதப்பட்ட அவநம்பிக்கைச் சீட்டைக் கையிற் பெற்றே உள்ளே நுழைகின்றான். அச்சீட்டைக் கிழிக்கத்தக்க கல்வி அவனுக்குக் கொடுக்கப்பட்டதா?

முதல் நாற்பதாண்டில் இல்லையென்றே சொல்ல வேண்டும். புதிய படையிற் சேர்ந்தவருள் பழைய சேவகரும் இருந்தனர். பட்டாளத்தில் ஓய்ந்தவரும் இருந்தனர். அவர்க்குக் கற்பித்ததெல்லாம் வரிசையில் நிற்றலும், துப்பாக்கி ஏந்தலும், சலாம் செய்தலுமேயாம். அரசாங்கத்துக்கு வேண்டியது கலகத்தை அடக்கும் படை. 1857-ஐக் கண்டு அஞ்சிய கண்ணுக்கு வரிசை பிசகாத கால்களே அழகாய்த் தோன்றின. மேலுத்தியோகங்களுக்கோ 1893 முதல் இலண்டனில் போட்டிப் பரீட்சை வைத்து ஆங்கில வாலிபரைத் தெரிந்தெடுத்தனர். நம் இளைஞர் அவ்வாயிலில் நுழைய வழியில்லை.

இங்கே சிறிது வழிவிலகி, கல்கத்தாவில் நிகழ்ந்த ஒரு செய்தியைக் கூறுதல் பொருந்தும். கைவிரல் ரேகையைக் கொண்டு குற்றவாளியை அறியும் நிலையம் உலகில் முதன்முதல் அங்கே 1897-இல் நிறுவப்பட்டது. பல்லாயிரம் ரேகைச் சீட்டுகளுள் வேண்டியதொன்றை நொடியில் எடுக்க உதவும் வகுப்புமுறைக்கு எட்வர்டு ஹென்றி துரையின் பெயரே வழங்குகின்றது. அம்முறையின் கணக்கை அமைத்துக் கொடுத்தவர் அவர்கீழ் உழைத்த அஸிஸூல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு வங்க இளைஞர். ஹக் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியிற் பயின்ற கணித வல்லுநர். போலீஸ் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவர். 1901-இல் அம்முறை இலண்டன் ஸ்காட்லாந்து யார்டிற் புகுந்தது, உலகெங்கும் பரவிற்று. கற்ற இளைஞனொருவனைக் காவற்றுறைக்குள் விட்டால் என்ன விளையுமென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? புகழ் வேறிடஞ் சென்றது வேறு கதை.

கர்ஸன் பிரபு காலத்தில், 1902-இல், ஸர் ஆண்ட்ரூ பிரேஸர் தலைமையில் ஒரு போலீஸ் கமிஷன் அமைந்தது. அது நாடு முழுதுஞ் சுற்றி விசாரித்து, போலீஸ் படை திறமையிற் குறைந்ததென்றும், பயிற்சியிலும் அமைப்பிலும் பழுதுடையதென்றும், ஜனங்கள் அதை ஊழலும் கொடுமையும் உடையதெனக் கருதுகின்றனரென்றும், அவர்தம் நம்பிக்கையை அது பெறவேயில்லையென்றும் அறுதியிட்டுரைத்தது. ஆளுவோர் தம் கையையே இவ்வளவு வெளிப்படையாகக் கடிந்துகொண்ட அறிக்கை அரிது. அதன் யோசனைகளை 1905-இல் அரசாங்கம் தன் தீர்மானத்தோடு வெளியிட்டது. கான்ஸ்டபிளுக்கு எவ்விடத்தும் மாதம் 8 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் தர வேண்டும்; பயிற்சிப் பள்ளியிற் கற்பித்த பின்னரே அவனை வேலைக்கு அனுப்ப வேண்டும்; சப் இன்ஸ்பெக்டர்களைப் படித்த குடும்பத்து வாலிபரிலிருந்து நேரே தெரிந்தெடுத்து மாகாணப் பள்ளியிற் பயிற்ற வேண்டும்; இந்தியர்க்கென டெப்டி சூப்பரிண்டெண்டெண்டுப் பதவி வேண்டும் என்பன அவற்றுட் சில.

8 ரூபாயைச் சற்று நினைத்துப் பார்க்க. பெண்டு பிள்ளைகளோடு வாழ வேண்டியவனுக்கு, இரவும் பகலும் ஊர்விட்டு ஊர் அலைய வேண்டியவனுக்கு, அதிகாரத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்து, பசிக்கு அவ்வளவே போதுமென்று வைத்தனர். எஞ்சியதை அவன் எங்கே தேடுவான் என்பதை அவனுக்கு எந்தப் பள்ளியுங் கற்பிக்க வேண்டியதில்லை. கூலியிற் சிக்கனம் செய்த அரசு கல்வியில் தாராளம் காட்டியிருந்தாலும் பயன் அரிதாயிருக்கும்.

சென்னை மாகாணத்தில் போலீஸ் பயிற்சிக்குப் பெயர்பெற்ற இடம் வேலூர்க் கோட்டை. அகழி சூழ்ந்த அப்பழங்கோட்டையினுள்ளே பல தலைமுறைச் சப் இன்ஸ்பெக்டர்கள் பீனல் கோடும் சாட்சியச் சட்டமும் படித்தனர். விடியற்காலையில் அணிவகுத்து நடந்தனர். 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் அதே கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக்குறியும் தாடியும் காதணியுங் கூடாதென்றும், புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டுமென்றும் விதித்த விதியே அதற்கு உடனடிக் காரணம். தன் ஏவலுக்குட்பட்டவரின் மனத்தை அறியாமல் உடையையும் நடையையும் மட்டும் திருத்த முயன்றவரின் தோல்விக்கு நினைவுச்சின்னமாகிய அக்கோட்டையிலேயே காவலரைப் பயிற்றுவித்தது, நம் வரலாற்றில் யாரும் வேண்டுமென்று அமைக்காத ஒரு பாடம். பின்னாளில் அப்பயிற்சிக் கல்லூரி சென்னை அசோக் நகருக்கு வந்தது. இப்போது வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவலர் உயர் பயிற்சியகம் விளங்குகின்றது.

பிரேஸர் கமிஷன் திறந்த வாயில் அரைவாயிலே. படித்த குடும்பத்து வாலிபர் சப் இன்ஸ்பெக்டராகலாம் என்றதனால், கல்வி வசதியற்ற குலத்தாரெல்லாம் கான்ஸ்டபிள் வரிசையில் நின்றனர். கீழே சேர்ந்தவன் மேலே வருதல் அருமையாயிற்று. இந்தியப் போலீஸ் மேலுத்தியோகத்துக்கு இந்தியாவிலேயே பரீட்சை வைத்தது 1921-இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

பிறப்பைக் கொண்டு மாந்தரை மதிக்கும் பழக்கத்தின் மறுபக்கத்தையும் இங்கே மறைத்தல் தகாது. ஒரு காலத்தில் பிறப்பினாலே காவலராயிருந்த மக்களுட் பலர், பிறப்பினாலே குற்றவாளிகளென எழுதப்பட்டனர். 1871-இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. இன்ன குலத்து ஆண்மகன் இரவில் போலீஸ் நிலையத்திற் படுத்துறங்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகச் சீட்டுப் பெற வேண்டும். கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸார் சுட்டனர், பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் ஒழிந்தது. சுட்டவருள்ளும் கீழ்ச்சம்பளக் கான்ஸ்டபிள்களே மிகுதியாயிருந்திருப்பர். இன்ன குலத்தான் கள்வனே என்று அச்சடித்த சுவடி வைத்துப் பாடஞ் சொல்லிக் கொடுத்த காலத்தில், கோவலனைக் கண்டு ஐயுற்ற அக்காவலரின் நல்லையம் ஒருவனுக்கு எவ்வாறு உண்டாகும்? தவறான கல்வி கல்வியின்மையினும் கொடிது என்பதை நம் நாட்டுப் போலீஸ் சரித்திரத்தில் இவ்வொரு பகுதியே மெய்ப்பிக்கும்.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவை அன்பர்கள் அறிந்தவையாதலின் சுருங்கக் கூறுவேன். 1948 செப்டம்பரில் ஆபூ மலையில் மத்தியப் போலீஸ் பயிற்சிக் கல்லூரி தோன்றி, 1975-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று வல்லபபாய் பட்டேல் பெயரால் வழங்குகின்றது. 1971-இல் அமைந்த கோரே குழு போலீஸ் பயிற்சியை மட்டுமே ஆராய்ந்தது. அணிநடையும் சட்ட மனனமும் போதா, மக்கள் இயல்பையும் சமூக நிலையையும் அறியுங் கல்வி வேண்டுமென்று அது வற்புறுத்தியது. தமிழ்நாட்டில் 1973-இல் ஒரு சப் இன்ஸ்பெக்டர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர் எனப் பெண்கள் முதன்முறை சேர்க்கப்பட்டனர். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2015-இல் உயர்நீதிமன்றந் தந்த தீர்ப்பினால் ஒரு திருநங்கை சப் இன்ஸ்பெக்டர் பதவிக்கு உரியரானார். பிறப்பால் இவர்க்கே உரியதென்றிருந்த வேலை ஒவ்வொரு படியாகப் பொதுவாகி வந்துள்ளது.

1991-இல் நிறுவிய சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இன்று காவலரைத் தெரிந்தெடுக்கின்றது. பத்தாம் வகுப்புத் தேறி, 18 வயது நிரம்பிய எந்தக் குலத்தவரும் விண்ணப்பிக்கலாம். தமிழ்த் தகுதித் தேர்வு, பொது அறிவு, உளவியல் என்பன எழுத்துத் தேர்வின் பகுதிகள். ஆடவர் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். ஊர்தோறும் இளைஞர் வைகறையில் ஏரிக்கரையிலும் பள்ளி மைதானத்திலும் ஓடுவதைக் காணும்போது உள்ளம் உவக்கின்றது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் கட்டணமில்லா வகுப்பு நடக்கின்றது. சங்கங்கள் பலவும் தத்தம் மாணவர் விடுதியில் இத்தகைய வகுப்பு வைத்துள்ளன, வைக்கவும் வேண்டும்.

ஆயினும் அவ்வகுப்புகளிற் கற்பிப்பதைக் கவனிக்க. வினாவிடைப் புத்தகம், நாடுகளின் தலைநகர், எண்புதிர் இவையே கோலோச்சுகின்றன. உளவியல் என்னும் பெயருடைய பகுதியும் பெரும்பாலும் எண்ணையும் எழுத்தையும் வரிசைப்படுத்தும் புதிராகவே இருக்கின்றது. அழுதுகொண்டு வரும் முதியவளிடம் எவ்வாறு பேசுவதென்பது அதில் வாராது. தேர்வில் வாராததைக் கற்பிப்பானேன் என்பர் ஆசிரியர். தேர்வாணையத்தை மாற்றுதல் நம் கையிலில்லை. விடுதியில் மாலை ஒரு நாழிகை நம் கையில் உள்ளது. அந்நாழிகையில் அரசியலமைப்பின் 21, 22-ஆம் விதிகளைத் தமிழில் படித்துக் காட்டலாம். கைது செய்தவனை 24 மணி நேரத்துள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டுமென்பதையும், டி. கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றங் கைதுக்கு வகுத்த நெறிகளையும், உள்ளூர் வக்கீல் ஒருவரை அழைத்துச் சொல்லச் செய்யலாம். இளமையிற் பதிந்தது பயிற்சிப் பள்ளியின் சில மாதங்களிற் பதிவதினும் ஆழப் பதியும். ஏனெனில், பள்ளியிற் கற்றதெல்லாம் இங்கே செல்லாது என்று காவல் நிலையத்தின் பழையவர் முதல்நாளே சொல்லிவிடுவதாக இத்துறையிற் பணியாற்றி ஓய்ந்த பெரியவர் பலர் நம்மிடம் கூறியிருக்கின்றனர்.

முன்பயிற்சி இன்றி இளைஞரைக் காவல் நிலையத்தோடு பிணைப்பதில் இடருமுண்டு. 1993-இல் இராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்னும் போலீஸ் அதிகாரி, காவலர் நண்பர் குழு என்ற இயக்கத்தைத் தொடங்கினர். மக்களும் போலீஸாரும் அஞ்சாமல் அணுக வேண்டுமென்பதே நோக்கம்; நோக்கம் மிக நன்று. அது மாநிலமெங்கும் பரவியது. 2020-இல் சாத்தான்குளத்து நிகழ்ச்சிக்குப் பின் அக்குழுவினர் மீதும் குறை எழவே, அவ்வாண்டு ஜூலையில் தமிழ்நாட்டரசு அதற்குத் தடை விதித்தது. கேரளத்தாரோ 2010-இல் மாணவர் காவற்படை என்னுந் திட்டத்தைப் பள்ளிகளிலேயே தொடங்கினர். அங்கே பிள்ளைகள் காவல் நிலையத்தில் ஏவல் செய்வதில்லை. சட்டம், சாலை விதி, உடற்பயிற்சி, தொண்டு இவற்றை ஆசிரியரும் போலீஸாருமாக இருந்து கற்பிக்கின்றனர். 2018-இல் மத்திய அரசும் அதனை நாடெங்கும் பரப்ப முன்வந்தது. இவ்விரண்டுள் எது நெடுநாள் நிற்குமென்பதை ஊகித்தல் எளிது.

சாத்தான்குளத்தைப் பெயர் சொன்னமையின் அதனைச் சிறிது விளக்காது விடலாகாது. 2020 ஜூன் திங்களில், தொற்றுநோய் ஊரடங்குக் காலத்தில், போலீஸார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் சில நாட்களுள் அடுத்தடுத்து மாண்டனர். சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. சான்றுகள் அழியாதிருத்தற்பொருட்டு, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையாரின் பொறுப்பில் ஒப்படைக்குமாறு நீதிபதிகள் ஆணையிட்டனர். 1859-இல் எந்த வருவாய்த் துறையினின்றும் போலீஸைப் பிரித்தால் கொடுமை நீங்குமென்று சட்டமியற்றினரோ, அதே வருவாய்த் துறையாரைக் காவல் வைத்தே 2020-இல் ஒரு காவல் நிலையத்தைக் காக்க வேண்டியதாயிற்று.

பழைய சாட்சியச் சட்டம் நீங்கி, பாரதிய சாக்ஷிய அதிநியமம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பீனல் கோடும் நடைமுறைச் சட்டமும் அன்றே மாறின. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அடிமைச் சட்டங்களை அகற்றினோமென்று பறை சாற்றினர். எண்கள் மாறின, பெயர்கள் மாறின. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்றவொப்புதல் செல்லாதென்ற 1861-ஆம் ஆண்டு விதி மட்டும் 23-ஆம் பிரிவாக அங்கே அப்படியே வீற்றிருக்கின்றது. அதனை நீக்கத் துணிந்தார் இலர், நீக்காதது நன்றே.

சாத்தான்குளம் வழக்கில் அன்றிரவு நிலையத்திலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாங் கண்டதைக் கண்டவாறே விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் கூறினார். உடன் பணிபுரிவோர் சூழ்ந்திருக்க, அதே நிலையத்தில், அவர் அவ்வாக்குமூலத்தை அளித்தார். அவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் பாதுகாப்பளிக்குமாறு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.